பந்தயத்தில் நின்ற பசு

அப்பாசாமியின் தோளில் எப்போதும் சிவப்புக் கட்டம் போட்ட ஒரு துண்டு கிடக்கும். அதில் அவர் முகம் துடைத்து யாரும் பார்த்ததில்லை. வேர்வைக்கு லுங்கி நுனி போதும் என்பது அவர் கட்சி. துண்டு தொழிலுக்கு. பர்மாவில், தன்லியின் என்ற ஊரில் வீடு, ஆற்றைத் தாண்டித் தலைநகர் யாங்கோனில் பிழைப்பு. காலைப் படகில் போட்டாதாங் துறையில் இறங்கினால், அங்கிருக்கும் கிடங்குகளில் உளுந்தும் துவரையும் பாசிப்பயறும் விற்பவனையும் வாங்குபவனையும் சேர்த்துவைக்கும் தரகு. சோஷலிச ஆட்சியில் அந்த வேலையை வெளியே சொல்லாமல் செய்தார். அது போன பிறகு வெளியே சொல்லிச் செய்தார். வேலை ஒன்றுதான்.

விலை பேசுவது துண்டுக்குள். கைகளின் மேல் துண்டைப் போட்டுவிட்டால் உள்ளே விரல்கள் பேசும். பிடிக்கிற விரல்களின் கணக்குதான் விலை. முழுக் கையையும் சேர்த்து அழுத்தினால் பேரம் உறுதி என்று பொருள். கையை விரித்தால் வேண்டாம். வெளியே வாய் வேறு வேலை பார்க்கும். “கட்டாதுங்க, என் வயித்துல அடிக்காதீங்க” என்று வாய் அலறும்போதே உள்ளே கை இறுகப் பிடித்துச் சரி சொல்லியிருக்கும். சுற்றி நிற்பவனுக்கு விலை தெரியக் கூடாது என்பதற்காக யாரோ பெரியவர்கள் செய்த ஏற்பாடு. அதில் ஊறிப்போன அப்பாசாமி, வீட்டில் மனைவி தங்கமணி சொல்வதைக்கூட அவ்வளவாகக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

தரகில் அவருக்கு இன்னொரு சட்டம் இருந்தது. விலை பேசினால் வியாபாரம் ஆகாது, வண்டியில் ஏற்றினாலும் ஆகாது. வாங்கியவன் கிடங்கில் மூட்டை இறங்கித் தரையில் உட்கார வேண்டும். அதற்கு முன்னால் நடு ஆற்றில் மூட்டை நனைந்தாலும், துறையில் காணாமல் போனாலும், பேச்சு பேச்சோடு நிற்கும். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு கெடு உண்டு. கெடு தாண்டிய பேச்சை இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் கைவிரித்து விடலாம். விட்டவன் பேர் கொஞ்சம் கெடும், அவ்வளவுதான். இந்தச் சட்டத்தால் அவருக்கு வந்த நல்ல பேர் பெரியது. பின்னால் வந்த தொல்லையும் இதனால்தான்.

தொண்ணூறாம் வருஷம் தேர்தல் என்று அறிவித்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் யாங்கோன் தெருக்களில் பட்டாளத்தார் ஊர்வலக்காரர்களைச் சுட்டிருந்தார்கள். நான்கு பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக் கூடாது என்ற உத்தரவு அப்படியே இருந்தது. தேர்தலை நான்கு நான்கு பேராகப் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. தன்லியின் ஊர்த் தொகுதியில் சின்னங்கள் பல இருந்தாலும் பேச்சில் இருந்தவை இரண்டு. மூங்கில் தொப்பி ஒன்று, நெற்கதிர் ஒன்று. தொப்பி, மாற்றம் வேண்டும் என்றவர்களின் சின்னம். கதிர், பழைய ஆளுங்கட்சி பேர் மாற்றி வந்தது. எதை ஆதரிக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. ஆனால் எது ஜெயிக்கும் என்று தெரிந்துகொள்ளாமல் தூக்கமும் வரவில்லை.

வாய் திறக்காமல் விலை சொல்லும் ஒரு ஆள் ஊரில் இருப்பது அப்போது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

முதலில் ஒரு மீன்காரர் வந்து கையை நீட்டினார். துண்டைப் போட்டு, “என்ன சரக்கு?” என்று கேட்டார் அப்பாசாமி. “தொப்பி” என்றார் அவர், மிக மெதுவாக. அப்பாசாமி சற்று யோசித்துவிட்டு மூன்று விரலைக் கொடுத்தார். தொப்பியின் மேல் ஒன்று கட்டி அது ஜெயித்தால் மூன்று. அன்று மாலைக்குள் அந்த மூன்று விரல் தன்லியின் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் படகில் ஏறினால், வாழ்நாளில் உளுந்து வாங்கியிராத ஆசாமிகள் எல்லாம் அவரைப் பார்த்துக் கையை நீட்டினார்கள்.

காசு வேண்டாம் என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். எண்பத்தேழில் ஒரே நாளில் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்ததில் அவர் பெட்டியில் இருந்தது முழுக்கக் காகிதமானது. அதிலிருந்து அச்சடித்த எதையும் அவர் நம்புவதில்லை. ஆகவே பந்தயம் தேநீராகவும் சமோசாவாகவும் கோழியாகவும் நடந்தது. யாரிடம் எதை எதிரே வைப்பது, என்ன விலைக்கு வைப்பது என்பதை மட்டும் அவர் தீர்த்துவைப்பார். தாம் எந்தப் பக்கமும் ஒரு குவளைத் தேநீர்கூடக் கட்ட மாட்டார். தரகன் கட்டினால் விலை கோணிவிடும்.

அவர் சொன்ன விலையை ஊர் நம்பியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவருக்கு ஓட்டு இல்லை. தன்லியினில் பிறந்து அங்கேயே பல் முளைத்தவர்தான். ஆனாலும் கையில் இருந்தது அயல்நாட்டார் அட்டை. அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஒரே ஒருமுறை, யாரோ கேட்டபோது, “மாடு வாங்காதவன்தான் மாட்டுக்குச் சரியான விலை சொல்லுவான்” என்றார். தங்கமணி உள்ளேயிருந்து, “மனசுக்குள்ள வேணும்னு இருக்கும்ல?” என்று கேட்டாள். அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு படகுக்குக் கிளம்பிவிட்டார்.

குழந்தைவேலு வந்தது தொப்பியின் விலை மூன்றாக இருந்த அந்த முதல் வாரத்தில்தான். படகுத்துறையில் மூட்டை தூக்குபவர். ஆளைப் பார்த்தால் மூட்டையை அவர் தூக்குகிறாரா, மூட்டை அவரைத் தூக்குகிறதா என்று சந்தேகம் வரும், அவ்வளவு ஒல்லி. சொந்தமாக ஒரு கொம்பு ஊன்ற மண் கிடையாது. வாடகைக் குடிசையில் இருந்து குடிசைக்கு மாறிக்கொண்டே இருந்த குடும்பம். அவரிடம் இருந்த சொத்து செவலை என்ற கிடேரிக் கன்று ஒன்று. அது வளர்ந்து கறவைக்கு வரட்டும் என்று அவர் மனைவி வேலம்மா பிள்ளையைப் போல வளர்த்துக்கொண்டிருந்தாள்.

“தொப்பி மேல செவலையக் கட்டறேன் அண்ணே.”

“வேலம்மாகிட்டச் சொன்னியா?”

“ஜெயிச்சப்புறம் சொல்லிக்கலாம்.”

மாட்டுக்கு எதிரே மூன்று மாட்டு மதிப்புக்கு யார் வைப்பது? மீரா முகைதீன் வைத்தார். படித்துறைக்குப் பக்கத்தில் லப்பெயே கடை, அதாவது தேநீர்க் கடை, அவருடையது. கடைக்குப் பின்னால் அவருக்கு ஒரு துண்டு நிலம் கிடந்தது. புல்லும் ஒரு முருங்கை மரமும் தவிர அதில் ஒன்றும் இல்லை. அந்த நிலத்தைக் கதிரின் மேல் கட்டினார். மீரா முகைதீன் கதிர்க்காரர் என்று அதுவரை யாரும் நினைத்ததில்லை. குழந்தைவேலு நேராகவே கேட்டுவிட்டார்.

“பாய், நீங்க கதிருக்கா ஓட்டு போடப்போறீங்க?”

“தொப்பிக்குத்தான்” என்றார் மீரா முகைதீன். “ஆனா நான் வேணும்னு நினைச்ச ஒண்ணும் இதுவரைக்கும் நடந்ததில்ல. அதனால கதிர்ல கட்டுறேன். தொப்பி ஜெயிச்சா சந்தோஷம். தோத்தா மாடாச்சும் மிஞ்சும்.”

இதைவிடத் தெளிவான கணக்கை அப்பாசாமி எந்தக் கிடங்கிலும் கேட்டதில்லை. துண்டைப் போட்டார். இரண்டு பேரின் கையும் உள்ளே சேர்ந்து இறுகின. அப்போதுதான் அவர் தம் சட்டத்தைச் சொன்னார். ஓட்டு எண்ணுவது வண்டியில் ஏற்றுவது மாதிரி. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எண்ணியதை மாற்றலாம், மாற்றியதை மறைக்கலாம். ஜெயித்தவர் பார்லிமெண்டில் போய் நாற்காலியில் உட்கார வேண்டும். மூட்டை தரையில் உட்கார்ந்தால்தான் கணக்குத் தீரும். அதற்குக் கெடு ஒரு வருஷம். கதிர்க்காரர்கள் ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் இருந்த குழந்தைவேலுவுக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்திருந்தது. தலையைத் தலையை ஆட்டினார். பாவம், தம் கழுத்துக்குக் கயிறு அளந்து கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. அப்பாசாமிக்கும் தெரியாது.

பந்தயப் பொருள் தரகர் பொறுப்பில் இருக்க வேண்டும். மாட்டைக் கட்ட அப்பாசாமிக்கு இடம் இல்லை. நிலமோ சும்மா கிடந்தது. எனவே செவலையைக் கொண்டுபோய் மீரா முகைதீனின் நிலத்திலேயே, முருங்கை மரத்தில் கட்டினார். அன்றிலிருந்து ஒரு தரப்புப் பந்தயம் மறு தரப்புப் பந்தயத்தை மேய ஆரம்பித்தது.

வேலம்மா விஷயம் தெரிந்து வந்து நின்றாள். அழவில்லை. “மாட்டுக்குக் கழுநீர் வச்சது நானு, கட்டினது அவரு. என் கையை ஏண்ணே துண்டுக்குள்ள விடல?” என்று கேட்டாள். பெண்கள் கையைத் துண்டுக்குள் விடும் வழக்கமில்லை என்று சொல்ல அப்பாசாமிக்கு வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டார்.

மே மாதம் நெருங்க நெருங்கத் தொப்பியின் விலை இறங்கிக்கொண்டே வந்தது. மூன்று விரல் இரண்டாகி, ஒன்றாகி, ஒற்றை விரலில் பாதியாயிற்று. எல்லோரும் தொப்பியில் கட்டவே வந்தார்கள். எதிரே கட்ட ஆள் பிடிப்பது அப்பாசாமிக்குப் பெரும்பாடாகிவிட்டது. அரசாங்க ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் வந்தபோது, இவராவது கதிருக்கு வந்தாரே என்று ஆசையோடு துண்டைப் போட்டார். அவரும் தொப்பியைத்தான் கேட்டார், அதுவும் இரண்டு கோழிக்கு.

வாக்குப் பதிவு நாளில் ஊரே குளித்து நல்ல துணி உடுத்திப் போய் வரிசையில் நின்றது. ஓட்டில்லாத அப்பாசாமி தேநீர்க் கடையில் உட்கார்ந்து, போகிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பி ஜெயித்தது. அந்தத் தொகுதியில் மட்டுமல்ல, நாடு முழுக்க. தேநீர்ப் பந்தயக்காரர்கள் சட்டம் கிட்டம் பார்க்காமல் மறுநாள் காலையே குடித்துத் தீர்த்துக்கொண்டார்கள். கோழிகளும் அந்த வாரத்துக்குள் குழம்பாகிவிட்டன. குழந்தைவேலு ஒரு சாமந்தி மாலையோடு வந்து செவலையின் கழுத்தில் போட்டார். நிலத்தை ஒரு மூலையில் இருந்து மறு மூலை வரை நடந்து பார்த்தார். வாசல் எந்தப் பக்கம் வைப்பது என்று வேலம்மாவிடம் கேட்டார். அவளும் முதல் முறையாகச் சிரித்து, கிழக்கே கைகாட்டினாள்.

“உக்காந்தாச்சா?” என்றார் அப்பாசாமி.

“யாரு அண்ணே?”

“ஜெயிச்சவரு.”

“அதான் ஜெயிச்சாச்சே. உக்காராம எங்க போவாரு? அடுத்த மாசம் கூப்பிடுவாங்க.”

“அப்ப அடுத்த மாசம் மாலை போடு” என்றார் அப்பாசாமி. அதைச் சொல்லும்போது அவருக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் வீடு கட்ட அவரே மூங்கில் வாங்கிக் கொடுப்பதாக இருந்தார்.

அடுத்த மாதம் யாரும் கூப்பிடவில்லை. அதற்கு அடுத்த மாதம், முதலில் அரசியல் சட்டம் எழுத வேண்டும், அதன் பிறகுதான் மற்றதெல்லாம் என்று அறிவிப்பு வந்தது. மூட்டை வண்டியில் ஏறியாகிவிட்டது. வண்டிக்குச் சக்கரம் இனிமேல்தான் செய்யவேண்டும் என்று சொன்ன மாதிரி இருந்தது. சட்டம் எழுத ஒரு மாநாடு கூட்டினார்கள். மாநாடு கலைந்தது, கூடியது, மறுபடி கலைந்தது. தொப்பிக்காரர் எங்கே இருக்கிறார் என்று விசாரிப்பதை ஊர் சீக்கிரமே நிறுத்திக்கொண்டது. விசாரிப்பவர்களை விசாரிக்கும் காலம் அது.

செவலை மட்டும் யாருடைய அறிவிப்புக்கும் காத்திருக்கவில்லை. பருவத்துக்கு வந்தது, சினையானது, ஈன்றது. கன்று யாருக்கு என்ற கேள்வி வந்தது. இந்த மாதிரிக் கேள்வி பயறு வியாபாரத்தில் வருவதில்லை. உளுந்து மூட்டை குட்டி போடாது. அப்பாசாமி நாள் முழுக்க யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். பால் தீனிக்கும் பராமரிப்புக்கும், காளைக்கன்றை விற்று வைக்கோலுக்கு, கிடேரிக்கன்று பந்தயத்துக்கு. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டன. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் பால் கறக்க வேண்டியவர் அவர் ஆகிவிட்டார். விடியற்காலையில் பித்தளைச் செம்போடு கணவர் முருங்கை மரத்தடிக்குப் போவதைப் பார்த்துத் தங்கமணி சொன்னாள்.

“ஊர்ல அத்தனை பேரும் ஓட்டு போட்டுக் கெட்டாங்க. நீங்க போடாமலே கெட்டீங்க.”

தொண்ணூற்று மூன்றில் ஆற்றின் மேல் பாலம் திறந்தார்கள். படகுத்துறையில் கூட்டம் குறைந்தது. மூட்டை லாரியில் போயிற்று. குழந்தைவேலுவுக்கு வேலை குறைந்தது. பயறுச் சந்தையும் போட்டாதாங்கை விட்டு யாங்கோனின் அந்தக் கோடிக்குப் போய், அங்கே விலையைப் பலகையில் எழுதிப்போட ஆரம்பித்தார்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருநாள் அங்கே போன அப்பாசாமி, பலகையை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தார். அப்புறம் போகவில்லை. கையில் இருந்த தொழில் பால் ஒன்றுதான். தரகர் அப்பாசாமி பால்காரர் அப்பாசாமி ஆனது இப்படித்தான். அதற்காக அவர் யாரிடமும் குறைபட்டுக்கொண்டதில்லை. உள்ளுக்குள் கசந்தது உண்மை.

குழந்தைவேலுவும் வேலம்மாவும் யாங்கோனின் ஓரத்தில் ஆலைகள் நிறைந்த லைங் தாயாவுக்குக் குடிபோனார்கள். வேலம்மா ஒரு துணி ஆலையில் பொத்தான் தைத்தாள். குழந்தைவேலு ஆலை வாசலில் காவல் இருந்தார். மாதம் ஒருமுறை இரண்டு பஸ் மாறி அவர் தன்லியினுக்கு வருவார். வந்ததும் செவலையின் நெற்றியைத் தடவுவார். பிறகு அப்பாசாமியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி.

“உக்காந்தாச்சா அண்ணே?”

“இல்ல.”

“சரி, கெய்சா மஷிபூ.”

பரவாயில்லை என்பதைக் குழந்தைவேலு பர்மியத்தில் சொன்னால் உண்மையிலேயே பரவாயில்லை போலத்தான் இருக்கும். மீரா முகைதீன் அவருக்கு ஒரு தேநீர் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். பந்தயத்தில் எதிரும் புதிருமாக நிற்கும் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்பாசாமிக்கு மனசு கேட்கவில்லை. வருஷா வருஷம் துண்டை எடுத்துக்கொண்டு குழந்தைவேலுவிடம் போவார். கெடு தாண்டிப் பல காலம் ஆயிற்று. கையை விரித்தால் மாட்டை ஓட்டிக்கொண்டு போகலாம். குழந்தைவேலு கையை நீட்டவே மாட்டார்.

“நான் விட்டா என்ன அர்த்தம் அண்ணே? அவரு இனி உக்கார மாட்டாருன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். ஊரே போட்ட ஓட்டு. நான் யாரு அதை விடுறதுக்கு?”

மீரா முகைதீனிடம் போனால், “அவன் விட்டா நான் விடுறேன்” என்பார். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு அப்பாசாமி என்ன செய்வார். மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விடுவார்.

குழந்தைவேலு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு லைங் தாயாவில் இறந்துபோனார். சாவுக்குப் போன அப்பாசாமி, பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வேலம்மாவைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து அழுதார். அந்தச் சட்டத்தைத் தாம் சொல்லாமல் இருந்திருந்தால் இவன் சொந்தக் கூரையின் கீழே செத்திருப்பான் என்ற எண்ணம் அவரைப் பிடுங்கித் தின்றது. சட்டம் தவறு என்று அவரால் சொல்லவும் முடியவில்லை. உட்காரவில்லையே, உண்மையாகவே உட்காரவில்லையே.

அதற்கு அடுத்த மாதம் வேலம்மா வந்தாள். செவலையும் அதற்குள் போய்விட்டது. அதன் மகளும் பேத்திகளும் மரத்தடியில் நின்றன. நெற்றியைத் தடவினாள். “உக்காந்தாச்சா அண்ணே?” என்று கேட்டாள். கேலியாகக் கேட்கிறாளா என்று அப்பாசாமி அவள் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை.

இரண்டாயிரத்து எட்டில் பெரிய புயல் வந்து மாட்டுக்கொட்டகையின் கூரையைப் பெயர்த்து ஆற்றில் போட்டது. பசுக்கள் மரத்தோடு ஒட்டி நின்று பிழைத்தன. கூரைக்குத் தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டினார் அப்பாசாமி. தற்காலிகம் என்பது அந்த நிலத்தில் எதற்கும் பொருந்தும் சொல்லாக இருந்தது.

அரசியல் சட்டம் எழுதி முடிந்து, இரண்டாயிரத்துப் பத்தில் மறுபடி தேர்தல் வந்தது. எப்படியோ அப்பாசாமிக்குத் தற்காலிக அடையாளத்துக்கான ஒரு வெள்ளை அட்டை கொடுத்திருந்தார்கள். இந்தத் தடவை நீங்களும் ஓட்டு போடலாம் என்றார்கள். பல் எல்லாம் விழுந்த பிறகு முதல் ஓட்டு. துண்டைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனார். சீட்டைக் கண்ணருகே வைத்து மேலிருந்து கீழ் வரை பார்த்தார். தொப்பி இல்லை, தொப்பிக் கட்சி இந்தத் தேர்தலில் நிற்கவில்லை. பட்டாளத்தார் தொடங்கிய கட்சியின் சிங்கம் இருந்தது, கதிர் இருந்தது, வேறு சிலதும் இருந்தன. சீட்டை மடித்து அப்படியே பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். யாருக்கு என்று தங்கமணி கேட்டதற்கு, “சரக்கு இல்ல” என்றார்.

சிங்கம் ஜெயித்தது. கதிரும் தோற்றது.

வேலம்மாவுக்கு அந்த மாதம் சோதனையாக வந்தது. துணி ஆலை அவளை எப்போதோ நிறுத்திவிட்டது. பயாஜோ என்று பர்மியர் சொல்லும் பருப்பு வடை சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். இருந்த அறையை ஆலைப் பெண்களுக்குக் கூடுதல் வாடகைக்கு விடப்போவதாகச் சொல்லி, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார் வீட்டுக்காரர். போக்கிடம் இல்லை. அதை அவள் சொல்லவில்லை. அவள் கொண்டுவந்த மூட்டையின் அளவைப் பார்த்துத் தங்கமணி கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அதே சமயத்தில் மீரா முகைதீனின் மகள் பரீதா ஆள் அனுப்பினாள். கடையை இப்போது நடத்துவது அவள்தான். வாப்பாவுக்குக் கண் மங்கி, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதோடு சரி. அப்பாசாமி வேலம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார்.

பரீதா கெட்டவள் இல்லை. நறுக்கென்று பேசுபவள். “நெலத்தைக் கேட்டு ஆள் வந்திருக்கு, கிடங்கு கட்ட. நான் ஓரவஞ்சனையாப் பேசலை. மாடுங்க எல்லாத்தையும் மாமியே ஓட்டிட்டுப் போகட்டும். எங்க நெலத்தை விட்டுடுங்க. தொப்பியும் உக்காரல, கதிரும் உக்காரல. இன்னும் என்ன பந்தயம்?”

நியாயமான பேச்சு. அப்பாசாமியே பல தடவை தமக்குள் சொல்லிக்கொண்டதுதான். பந்தயம் முறிந்தால் வேலம்மாவுக்கு மாடுகள் உண்டு. கட்ட ஒரு சாண் மண் கிடையாது, படுக்கவும் கிடையாது. இரண்டே வாரத்தில் அவற்றை வந்த விலைக்கு விற்றுவிட்டு அவளும் எங்காவது ஒரு மூலையில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். குழந்தைவேலு நடந்து பார்த்த அந்த மூலைக்கு மூலை, கிழக்கு வாசல், எல்லாம் கிடங்காகும்.

“கெடு தாண்டின பேச்சு” என்றார் அப்பாசாமி. “யார் கையை விரிச்சாலும் முடிஞ்சது. மொதல்ல குழந்தைவேலு பக்கம்.” துண்டைப் போட்டு வேலம்மாவின் பக்கம் கையை நீட்டினார்.

அவள் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வடைச் சட்டி சுட்ட தழும்புகளோடு கையை உள்ளே விட்டாள். பிடிக்கும் முறை அவளுக்குத் தெரியாது. தெரியாதவள் பிடித்த பிடியில் அப்பாசாமியின் விரல்கள் நொறுங்கின.

“அவரு விடல” என்றாள். “நான் எப்படி விடுறது.”

அடுத்து மீரா முகைதீன். அப்பாசாமி அவர் மடியில் துண்டைப் பரப்பி உள்ளே கையை விட்டார். பரீதா பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

“சொல்லுங்க வாப்பா.”

மீரா முகைதீன் தொண்டையைச் செருமினார். “ஆமா தரகரே. இத்தனை வருஷம் ஆயிடுச்சு. பிள்ளை சொல்றது சரிதான். எனக்கும் முடியல. நெலத்தை விட்டுரு, முடிச்சுக்குவோம்.” குரல் தெளிவாக, கடை முழுக்கக் கேட்கும்படி இருந்தது. வேலம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

துண்டுக்குள் மீரா முகைதீனின் கை அப்பாசாமியின் கையைத் தேடியது. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தது. அழுத்தியது. பிறகும் விடவில்லை.

அப்பாசாமி துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “பாய் பழைய விலையிலேயே நிக்கிறாரு. பந்தயம் நடக்குது.”

“அவரு இப்பதான முடிச்சுக்கலாம்னு சொன்னாரு” என்றாள் பரீதா.

“வாய் சொல்றது விலையில்லம்மா. உங்க வாப்பாவையே கேட்டுக்க.”

பரீதா வாப்பாவைப் பார்த்தாள்.

“குழந்தைவேலு தோத்துட்டான்னு நான் எப்படிப் புள்ள சொல்லுவேன்?” என்றார் அவர். “என் ஓட்டும் அந்தப் பெட்டியிலதான கிடக்கு.”

பரீதா உள்ளே போய் அடுப்பில் பாலை வைத்தாள். அது அப்பாசாமி காலையில் கொடுத்த பால்.

வெளியே முருங்கை மரத்தடிக்கு வந்ததும் அப்பாசாமி பேச்சை எடுத்தார். பந்தயப் பொருளைக் காப்பது தரகன் பொறுப்பு. அவருக்கு இப்போது முட்டி மடங்குவதில்லை. குனிந்து கறக்க முடியவில்லை. ஆகவே ஒரு ஆள் போடுவதாக இருக்கிறார். போடுகிற ஆள் மாட்டோடு நிலத்திலேயே தங்கவேண்டும். கூலி கிடையாது, பாலை எடுத்துக்கொள்ளலாம். இதெல்லாம் முன்பே முடிவு செய்த ஏற்பாடு போலவும், அவளுக்கு எந்த விதத்திலும் தனிச்சலுகை இல்லை போலவும் சொல்லி முடித்தார்.

வேலம்மா அவரை நேராகப் பார்த்தாள். “தர்மமாண்ணே?”

“தர்மம் பண்ண இது என் நெலமா? சட்டப்படி ஆளு வேணும்.”

“எத்தனை நாளைக்கு?”

“தொப்பிக்காரர் போய் உக்கார்ற வரைக்கும்.”

செவலையின் பேத்தி பிளாஸ்டிக் தாளின் கிழிசலை வாயால் இழுத்துக்கொண்டிருந்தது. வேலம்மா அதை விலக்கிவிட்டுத் தாளை அண்ணாந்து பார்த்தாள். மூட்டையைக் கிழக்குப் பக்கமாக இறக்கி வைத்தாள்.

“அப்ப கூரையைக் கொஞ்சம் கெட்டியாவே போடணும்ண்ணே” என்றாள்.